உலைக்குக் கை நனைத்தவள்

இலையை நடுநரம்பிலிருந்து ஓரத்துக்குத் துடைங்க அக்கா. நீளவாக்கில் இழுத்தால் கிழிஞ்சு போகும். துணியை இன்னும் கொஞ்சம் பிழிஞ்சுக்கோங்க. ஆமாம், அப்படித்தான். கிழிந்ததை இந்தப் பக்கம் போடுங்க, அப்பளம் மூடி வைக்க ஆகும்.

நீங்க கேட்டது காதில் விழுந்தது. விழாத மாதிரி இருந்துவிட்டேன். காதுகுத்து வீடு, வாசலில் பந்தல், அடுப்பில் ஆட்டுக்கறி கொதிக்கிறது, ஆனால் இலை துடைக்க ஊர்ப் பெண் ஒருத்திகூட எட்டிப் பார்க்கவில்லை. சமையல் மாஸ்டரோடு டவுனிலிருந்து வந்த நீங்கதான் துடைக்க வேண்டியிருக்கு. என்ன விஷயம் என்றுதானே கேட்டீங்க?

எனக்குப் பேச வராது அக்கா. ஆறாவது வரைக்கும்தான் படித்தேன். அதிலும் டீச்சர் பேர் கூப்பிட்டால் ‘உள்ளேன் டீச்சர்’ சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு பாதி நாள் ஆப்சென்ட் ஆகிவிடுவேன், வகுப்பில் உட்கார்ந்துகொண்டே. அப்படிப்பட்ட நான் அணு உலைக்குச் சம்மதம் கொடுத்துவிட்டேனாம். இந்த உப்போடைவிளையில் யாரை வேண்டுமானாலும் கேளுங்க. ‘வடிவுதானே, அவதான் குடுத்தா’ என்பார்கள்.

சோறு வடிக்கிற உலை இல்லை அக்கா. கரண்ட் எடுக்கிற உலை. பஸ்ஸில் வரும்போது கடல் பக்கம் முள்ளுக்காடு பார்த்தீங்களே, அங்கே வைக்கப் போகிறார்களாம். பழைய மாதிரி மலை மாதிரி உயரமானது இல்லை. புது மாதிரி, சின்னது. எங்கேயோ தொழிற்சாலையில் பாகம் பாகமாகச் செய்து லாரியில் கொண்டுவந்து பூட்டிவிடலாமாம். எங்க வீட்டுக்காரர் பந்தலும் பிளாஸ்டிக் சேரும் வாடகைக்கு விடுகிறவர் இல்லையா, அவர் அதைக் கேட்டுவிட்டு, “அப்போ நம்ம தொழில்தான்” என்றார்.

ஆனால் ஒன்று. அந்த மாதிரி உலையை இதுவரைக்கும் எங்கேயுமே கட்டினது கிடையாது. வெறும் படம்தான். கம்பெனிக்காரங்க படம் போட்டுக் கொடுக்கணும். அரசாங்கத்தில் அதற்கென்று ஒரு குழு இருக்கு. அவங்க அந்தப் படத்தை வைத்துக்கொண்டு, சூடு ஏறினால் என்ன ஆகும், தண்ணி நின்றால் என்ன ஆகும், பூமி ஆடினால் என்ன ஆகும் என்று குடைந்து குடைந்து கேட்பாங்க. எல்லாத்துக்கும் பதில் சரியாக இருந்தால்தான் அங்கீகாரம். வருஷக்கணக்கில் இழுக்குமாம். எங்க அத்தை, என் மாமியாரைச் சொல்கிறேன், இதைக் கேட்டுவிட்டு, “மாப்பிள்ளையைக் கண்ணுல காட்ட மாட்டாவளாம், போட்டோவைப் பார்த்தே சம்மதம் சொல்லணுமாம்” என்றார். அவர் சும்மாதான் சொன்னார். ஊர் அதைப் பிடித்துக்கொண்டது. அன்றிலிருந்து அந்த உலைக்கு எங்கள் ஊரில் ‘மாப்பிள்ளை’ என்றுதான் பேர்.

மாப்பிள்ளை என்று ஆன பிறகு முறை என்று ஒன்று வந்துவிடும் இல்லையா? உங்க பக்கமும் இருக்கும் அக்கா இந்த வழக்கம். பெண் பார்க்கிற வீட்டில், பேசி முடியாமல் கை நனைக்கக் கூடாது. காபி குடிக்கலாம், மிக்சர் கொறிக்கலாம், அது சேர்த்தி இல்லை. சாப்பாடு சாப்பிட்டுக் கையைக் கழுவிவிட்டால் சம்பந்தம் முடிந்தது என்று அர்த்தம். என் கல்யாணமே அப்படித்தான். பெரியவங்க எல்லாம் உள்ளே பேசிக்கொண்டே இருக்காங்க, இவர் அடுக்களைப் பக்கம் வந்து எங்க அம்மாவிடம் தோசை வாங்கித் தின்றுவிட்டார். அப்புறம் பேச என்ன இருக்கு? எழுந்து வந்துவிட்டார்கள், நானும் இந்த வீட்டுக்கு வந்துவிட்டேன்.

குழுக்காரங்க நம் ஊருக்கே வந்து சனங்க பேச்சைக் கேட்கப் போறாங்க, மதியம் கம்பெனிச் செலவில் எல்லாருக்கும் பிரியாணி என்று தண்டோரா மாதிரி ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிப் போனார்கள். முந்தின நாள் சாயந்தரம் கோயில் மைதானத்தில் ஆம்பிளைங்க கூடினார்கள். எங்க ஊர்த்தலைவர் தளவாய் மாமா தீர்த்துச் சொல்லிவிட்டாராம்: “எல்லாரும் போவோம், பேசுவோம், சண்டை போடுவோம். ஆனா ஒருத்தரும் கை நனைக்கக் கூடாது. நனைச்சா மாப்பிள்ளையை ஏத்துக்கிட்டதா ஆயிரும்.”

எங்க வீட்டுக்காரரும் அந்தக் கூட்டத்துக்குப் போயிருந்தார். மறுநாள் குழுக் கூட்டத்துக்குப் பந்தலும் சேரும் அவருடையதுதானே, அவருக்கு ஒரே யோசனை. வீட்டுக்கு வந்து என்னிடம் என்ன சொன்னார் தெரியுமா? “புதுச் சேரை வெயில்ல போடக் கூடாது, சாயம் போயிரும்.” அவ்வளவுதான் சொன்னார். அவர்மேல் தப்பு சொல்ல மாட்டேன் அக்கா. பாவம், வேலை. கை நனைக்காதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர்மேல் தப்பு இல்லை.

கூட்டம் பெரிய கூட்டம்தான். குழுவில் நரைமுடி வைத்த ஒரு அம்மா, கூட ரெண்டு சாருங்க. கம்பெனி தரப்பில் கௌசிகன் சார் என்று ஒருத்தர், சின்ன வயசு, கோயம்புத்தூர்ப் பக்கம். உலையைப் பிளாஸ்டிக்கில் செய்து மேஜைமேல் வைத்திருந்தார். பார்க்க ரைஸ் குக்கர் மாதிரியேதான் இருந்தது. அவர் மூடியைத் திறந்து காட்டி, “கரண்ட்டு போனாலுங்கூட, ஆருமே கை வெக்காட்டியும் இது தானா ஆறிக்குமுங்க” என்றார்.

தளவாய் மாமா எழுந்தார். “சரி தம்பி. ஆறுன இடம் எது? சொல்லுங்க, ஒரு வேன் பிடிச்சுப் போயிப் பார்த்துட்டு வாரோம்.”

“இன்னும் எங்கியும் கட்டலீங்களே.”

“அப்போ ஆறும்னு யாரு சொன்னா?”

“கணக்குப் போட்டுப் பார்த்திருக்கோமுங்க.”

“எங்க மச்சினனும் கணக்குப் போட்டுத்தாம்ல ஓட்டல் வச்சான். இப்போ அந்த ஓட்டல்லயே இலை எடுக்கான்!”

சனம் சிரித்த சிரிப்பில் மைக் கூவியது. நரைமுடி அம்மா மட்டும் சிரிக்கவில்லை. குனிந்து எழுதிக்கொண்டார். கௌசிகன் சார் காது சிவந்து போய்விட்டது. எனக்குப் பாவமாக இருந்தது. நம்மை மாதிரிப் பேச வெட்கப்படுகிறவர்போல.

மதியம் ஆயிற்று. பிரியாணி வேன் வந்து நின்றது. அக்கா, அந்த வாசனை இருக்கே! ஒருத்தர் எழுந்திருக்கவில்லை. ஊரே வேட்டியை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. குழுக்காரங்களும் சாப்பிடவில்லை. வேப்பமரத்தடியில் ஜீப்பை நிறுத்தி அவங்க கொண்டுவந்த டிபன் கேரியரைத் திறந்தாங்க. எலுமிச்சைச் சாதம், அப்பளம்கூட இல்லை. தண்ணிகூடச் சொந்த பாட்டில். அங்கீகாரம் கொடுக்கிறவங்க அதைக் கேட்கிறவங்க கையால் ஒரு வாய் வாங்கக் கூடாது என்று அவங்களுக்குச் சட்டமே இருக்காம். தளவாய் மாமாவுக்கு அதைப் பார்த்ததும் உடம்பெல்லாம் பூரிப்பு. “பார்த்தியாலே, படிச்சவுக மொறை தெரிஞ்சவுக” என்று எல்லாரிடமும் சொன்னாராம்.

ஊர் முடிவு, குழுக்காரங்க சட்டம் எல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. நான் கடைசி வரிசையில், தூணுக்கு மறைவாக, என் பிள்ளை இதழினியை மடியில் போட்டுக்கொண்டு இருந்தேன். பால் குடிக்கிற பிள்ளை. காலையில் அவசரத்தில் நான் ஒன்றும் சாப்பிடவில்லை. சாப்பிட்டேன், ரெண்டு இட்லி, அது ஒரு சாப்பாடா? கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. அப்போது கௌசிகன் சார் கையில் ஒரு டப்பாவோடு வந்தார். அதுவரைக்கும் யாரும் வாங்கவில்லை, பாவம், டப்பாவோடு சுற்றிக்கொண்டே இருந்திருக்கிறார்.

“சாப்டுங்க அக்கா. பால் குடுக்கறவங்க வவுத்தைக் காயப்போடக் கூடாதுங்க.”

என்னை ஒருத்தர் இப்படிக் கேட்டு எத்தனை காலம் ஆச்சு என்று நினைத்தேன். வாங்கிக்கொண்டேன். ஒரு வாய்தான் அக்கா. பிள்ளைக்காக ஒரே ஒரு வாய். அப்புறம் பார்த்தால் உள்ளே கோழிக்கால் ஒன்று இருந்தது, அதைப் பாதியில் வைத்தால் பாவம். முட்டை உருண்டு ஓரமாகக் கிடந்தது, அது கீழே விழுந்துவிடும்போல இருந்தது. மூடியில் தனியாக பிரெட் அல்வா. அது சாப்பாட்டில் சேராது, இனிப்பு. அவ்வளவுதான்.

அப்போது கௌசிகன் சார் குனிந்து, “இன்னொண்ணு வேணுங்களா?” என்று கேட்டார். என் வாய் நிறைய இருந்தது. தலையை ஆட்டினேன்.

அக்கா, நிமிர்ந்து பார்த்தால் ஊர் முழுக்கத் திரும்பி என்னையே பார்க்கிறது. கம்பெனி சார் குனிந்து என்னவோ கேட்கிறார், வடிவு பெரிசாகத் தலையை ஆட்டுகிறாள், கையில் எலும்பு. அவங்க பார்த்தது அதுதான். எங்க வீட்டுக்காரர் பந்தல் கம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். நான் என்ன செய்யட்டும்? கையைக் கழுவினேன். அதுதான் பெரிய தப்பாகப் போய்விட்டது. கழுவாமல் இருந்திருந்தாலாவது சாப்பாடு முடியவில்லை என்று வாதாடியிருக்கலாம் என்று எங்க அத்தை இன்னமும் சொல்கிறார்.

இரண்டாவது டப்பாவைச் சாப்பிட்டேனா என்று நீங்களும் கேட்காதீங்க. வீட்டுக்குக் கொண்டுபோய்த்தான் சாப்பிட்டேன்.

மறுநாள் செய்தித்தாளில் போட்டோ. மேடையைப் போடவில்லை, மாமாவைப் போடவில்லை, என்னைப் போட்டிருக்கிறான். வாய் உப்பிக்கொண்டு. கீழே ‘கூட்டத்தில் ஆர்வத்துடன் கலந்துகொண்ட பொதுமக்கள்.’ பொதுமக்கள் என்று எழுதியிருக்கிறதே ஒழிய, படத்தில் நான் ஒருத்திதான்.

அதோடு என் வீட்டில் புழக்கம் நின்றது. சண்டை என்று யாரும் வரவில்லை அக்கா, வந்தால்கூடப் பரவாயில்லை. பக்கத்து வீட்டு மாரிக்கனி அக்கா தினமும் என்னிடம் கறிவேப்பிலை வாங்குகிறவங்க, எங்க மரம் ஒன்றுதான் இந்தத் தெருவில் இருக்கு. கறிவேப்பிலை இல்லாமலே குழம்பு வைக்க ஆரம்பிச்சுட்டாங்க. தாளிக்கிற வாசனையிலேயே எனக்குத் தெரியும். குழாயடியில் நான் குடத்தை வைத்தால், “வா வா, சம்பந்தியம்மா” என்பார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு வந்துவிடுவேன்.

சரி, குழு என்ன முடிவு சொல்லுமோ, அதோடு தீர்ந்துவிடும் என்று இருந்தேன். சொன்னாங்க. அங்கீகாரம் இப்போது கிடையாது, ஆனால் மறுக்கவும் இல்லை. படத்தைத் திருப்பிக் கொடுத்து, இன்னும் இத்தனை கேள்விக்குப் பதில் கொண்டுவா, அப்புறம் பார்க்கலாம் என்றார்களாம். கேள்விக் கட்டு மட்டும் தலையணை உயரமாம். அதில் மாமா கேட்டதும் ஒன்று இருக்காம், அந்த ‘ஆறின இடம்.’ மாமா அதை இன்னமும் டீக்கடையில் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அதற்கும் என்னைத்தான் பிடித்தார்கள். உலை வேண்டாம் என்கிறவங்க, “இவ மட்டும் திங்காம இருந்தா அன்னைக்கே ஒரேயடியாத் தள்ளிருப்பாவ” என்றார்கள். உலை வந்தால் வேலை கிடைக்கும் என்று காத்திருக்கிற பையன்மார், “ஊரே உட்கார்ந்து தின்னிருந்தா அன்னைக்கே பாஸு. ஒத்தையா இவ ஒருத்தி தின்னா எப்படிக் காணும்?” என்றார்கள். நான் தின்றது அந்தப் பக்கத்துக்குக் கூடுதல், இந்தப் பக்கத்துக்குக் குறைச்சல். ரெண்டு பக்கமும் சேர்ந்து செய்த ஒரே காரியம், எங்க வீட்டுப் பக்கம் வராமல் இருந்ததுதான்.

எனக்கு அதுகூடப் பொறுத்துப் போயிற்று. ஆனால் பிள்ளைக்குக் காது குத்தணுமே. முதல் பிள்ளை, முதல் விசேஷம். பந்தல்காரர் வீட்டுப் பந்தலில் ஆளே இல்லை என்றால் நாளைக்கு யார் இவரிடம் பந்தல் வாங்குவாங்க? அதைவிட, இவளுக்குக் காது குத்தினபோது ஒருத்தரும் இலையில் உட்காரவில்லை என்று வளர்ந்தபிறகு எவளாவது குழாயடியில் சொல்வாள் இல்லையா? என் பிள்ளை என்னை மாதிரித் தலையைக் குனிந்துகொண்டு வரக் கூடாது அக்கா. அதை நினைத்தால்தான் எனக்குத் தூக்கம் வராது.

கடைசியில் எங்க வீட்டுக்காரர் தளவாய் மாமா வீட்டுக்குப் போய் நின்றார். மாமா கெட்டவர் இல்லை. யோசித்துச் சொன்னாராம்: “ஏல, சம்பந்தம் பேசிக் கை நனைச்ச பொறவு ஒத்துவரலைன்னா என்ன செய்வோம்? தின்ன பக்கம் திரும்ப ஒருவேளைச் சோறு போட்டு அனுப்பும். கணக்கு நேராயிரும். உன் பொண்டாட்டி யாரு கையால வாங்கித் தின்னாளோ, அந்த ஆளைக் கூப்பிட்டு இலை போடு. அவரு தின்னுட்டுக் கை கழுவிட்டா, இவ தின்னது தள்ளுபடி.”

கௌசிகன் சாருக்குப் போன் போட்டோம். நான் பேசவில்லை, இவர்தான் பேசினார். சாருக்குக் காதுகுத்து என்றதும் சந்தோஷம். “பிள்ளைக்கு மாமன் முறைக்கு நானே வந்தர்றேனுங்க” என்றாராம். குழு அம்மாவையும் கூப்பிடு என்று மாமா சொன்னார். அந்த அம்மா, முடிவு சொல்கிற வரைக்கும் இந்த ஊரில் எந்த வீட்டிலும் சாப்பிட முடியாது, குழந்தைக்கு ஆசீர்வாதம் என்று சொல்லிவிட்டார். மாமா போனைப் பார்த்துக் கும்பிட்டாராம்.

அத்தோடு முடிந்தது என்று நினைத்தீங்களா? அதற்கப்புறம்தான் ஊரில் பட்டிமன்றம். சார் தின்றால் தள்ளுபடி என்று பாதிப் பேர். இல்லை இல்லை, அங்கேயும் தின்னாச்சு, இங்கேயும் தின்னாச்சு என்றால் சம்பந்தம் ரெட்டை முடிச்சாகிவிடும் என்று பாதிப் பேர். அதனால் வருகிறோம் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. அதுதான் அக்கா, இலை துடைக்க ஆள் இல்லை. காலையில் கோயிலில் காது குத்தினபோது நாங்கள் வீட்டாள் மட்டும்தான். பிள்ளை அழுத அழுகையில் கூட்டம் இல்லாதது தெரியவில்லை.

இருங்க, கோமு ஓடி வருகிறாள். என் நாத்தனார். என்னட்டி?

“மதினி, சார் வந்துட்டாரு! வேட்டி கட்டிட்டு வந்திருக்காரு. பிள்ளைக்குக் கொலுசு கொண்டாந்திருக்காரு!”

சரி, உட்காரச் சொல்லு, மோர் கொடு. நான் எதுக்கு? நான் வர மாட்டேன். போ. நீங்க சிரிக்காதீங்க அக்கா. இந்த இலைக் கட்டை அவளிடம் கொடுங்க.

வாசலில் என்ன சத்தம் என்று கேட்கிறதா? சேர் இழுக்கிற சத்தம் இல்லை. எங்க வீட்டுச் சேர்ச் சத்தம் எனக்குத் தெரியும். இது ஆள் சத்தம். இந்த ஓலை இடுக்கு வழியாகப் பார்க்கலாம், வாங்க.

அம்மாடி. ஊரே நிற்குதே அக்கா! அதோ மாரிக்கனி அக்கா, பட்டுச் சேலை கட்டிக்கொண்டு. அது தளவாய் மாமா. வேலை வேண்டும் என்கிற பையன்மார் ஒரு பக்கம், வேண்டாம் என்கிறவங்க ஒரு பக்கம். சார் தின்கிறாரா என்று பார்க்க வந்திருக்காங்க. எதுக்கு வந்தால் என்ன, வந்துட்டாங்களே. ஆனால் ஒருத்தரும் உட்காரவில்லை. சார் மட்டும் தனியாக நடுப் பந்தியில் இலை முன்னால்.

மறுபடியும் கோமு. என்னட்டி இப்போ?

“மதினி, சார் கையை வைக்க மாட்டேங்காரு. ‘அல்லாரும் நிக்கறப்போ நா மட்டும் எப்படிங்க உண்றது, எல்லாரும் உக்காருங்க’ங்காரு. தலைவர் மாமாவோ, ‘நீங்க ஆரம்பிங்க தம்பி, பொறவு நாங்க யோசிக்கோம்’ங்காவ. ரெண்டு பேரும் மாத்தி மாத்தி இதையே சொல்லுதாவ. குழம்பு ஆறுது!”

பார்த்தீங்களா அக்கா? அவர் ஊர்ப் பக்கம் அப்படியாம், கூட ஆள் உட்காராமல் சாப்பிட்டால் மரியாதை இல்லையாம். எங்க ஊர்ப் பக்கம் இப்படி. சமையல் மாஸ்டர் கரண்டியோடு நிற்கிறார். மாரிக்கனி அக்கா குழம்பு வாளியையே பார்க்கிறாங்க, பாவம். கறிவேப்பிலை போட்ட குழம்பு சாப்பிட்டு எவ்வளவு நாளாச்சோ.

எங்க வீட்டுக்காரர் குரல். என்னையா? என்னை எதுக்கு?

“வடிவு! மாமா உன்னைத்தான் கூப்பிடுதாவ. சார் பக்கத்து இலையில நீ உட்காரணுமாம். முதல்ல நீ கை வையி, பொறவு சாரு, பொறவு ஊரு. அன்னைக்கும் நீதானே முதல்ல தின்னே, இன்னைக்கும் நீயே ஆரம்பிங்காவ. நீ உட்கார்ந்தா எல்லாரும் உட்காருதோம்னு சொல்லிட்டாவ, சீக்கிரம் வா!”

நான் எப்படிப் போவேன் அக்கா? அத்தனை பேர் முன்னால்? சேலையைப் பாருங்க, ஈரம். தலைகூடச் சீவவில்லை. பசி இல்லாமல் இல்லை. காலையிலிருந்து ரெண்டு வடைதான். போகணும். பிள்ளைக்காகப் போய்த்தான் ஆகணும். ஒரு வாய் வைத்துவிட்டு வந்துவிடுகிறேன்.

என்ன கேட்டீங்க?

எனக்கா? எனக்கு அந்த உலை வேண்டுமா வேண்டாமா என்றா?

அக்கா, நீங்க ஒருத்தர்தான் இதைக் கேட்டீங்க. கம்பெனிக்காரர் கேட்கலை, குழு கேட்கலை, ஊர் கேட்கலை. இவர்கூடக் கேட்கலை. தின்னியா, எத்தனை டப்பா தின்னே, கை கழுவினியா, இதைத்தான் எல்லாரும் கேட்டாங்க. நான் யோசித்து வைத்திருக்கிறேன். ராத்திரி பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போதெல்லாம் யோசித்தேன். சொல்றேன், யாரிடமும் சொல்லக் கூடாது, சிரிக்கவும் கூடாது. எனக்கு அந்த உலை வந்து…

“மதினீ! எல்லாரும் இலை முன்னால நிக்காவ, வாங்க!”